மாடிப்படி பல்பின் கறுப்பு ஒயர்

கரண்ட் அக்காவின் கொண்டையில் எப்போதும் ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் ஒன்று செருகியிருக்கும். தூங்கும்போது மட்டும் அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைப்பாள். அதுவும் ஒரு தடவை கணவரின் கன்னத்தில் குத்தியபிறகு வந்த ஏற்பாடு. அவர் செருப்புக் கடையில் ஊரார் பாதங்களை அளப்பவர். எதையும் குனிந்தே பார்த்துப் பழகியவர் என்பதால் கொண்டை வரை அவர் பார்வை போனதில்லை. "கட்டிக்கிறதுக்கு முன்னாடி தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்திருக்கணும்" என்பார், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று.

கல்யாணத்துக்கு முன்பு அவள் சுவிட்ச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தியாக, நாள் முழுக்கச் சுவிட்சுக்குள் சின்ன ஸ்பிரிங் வைப்பது வேலை. சுவிட்சின் வயிற்றுக்குள் இருப்பது தன் வயிற்றுக்குள் இருப்பதைவிட நன்றாகத் தெரிந்துபோனது. தொழிற்சாலை வேறு ஊருக்கு மாறியபோது, கட்டட வேலைக்காரர்களின் குழு ஒன்றில் ஏணி பிடிக்கச் சேர்ந்தாள். ஏணி பிடிக்கிறவளுக்கு மேலே பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. பார்த்தாள். சிவப்பு ஒயரில் கரண்ட் போகிறது, கறுப்பில் திரும்பி வருகிறது, பச்சை ஒன்றும் செய்யாமல் ஆபத்துக்குக் காத்திருக்கிறது. இவ்வளவுதானா என்று நினைத்தாள். இவ்வளவுதான் இல்லை என்பதை, நாலைந்து தடவை சுவரோடு ஒட்டி உதறிக்கொண்டு விழுந்து தெரிந்துகொண்டாள். கொஞ்ச நாளில் ஏணியில் அவள் நின்றாள். முன்பு நின்றவன் கீழே பிடித்தான்.

வேலை சுத்தமாக இருக்கும். ஒயர்கள் பெட்டிக்குள் தலைவாரி விட்டதுபோல் ஒரே பக்கம் வளைந்து போகும். மற்றவர்கள் செய்த வேலையைத் திறந்து பார்த்தால் வாய் மட்டும் சுத்தமாக இருக்காது. "இதை எவன் பண்ணினான்? கையால பண்ணினானா, காலால பண்ணினானா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுப்பாள். பண்ணினவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும் கேள்வி மாறாது.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஊரில் அவள் கை வைத்த வீட்டை எல்லாம் அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். ஒரு வீட்டின் மெயின் பெட்டியைத் திறந்தால் உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்குமே, ஒவ்வொன்றும் ஒரு பகுதிக்குப் போகிற லைன். மற்றவர்கள் அவற்றின் கீழே 'ஹால்', 'சமையலறை' என்று எழுதுவார்கள். அக்கா அப்படி எழுத மாட்டாள்.

"ஹால்னு எழுதி என்ன பிரயோஜனம்? லைன் போனா ஹால் வந்து கத்துமா?"

எந்த லைன் போனால் யார் கத்துவார்களோ அவர் பெயர்தான் அங்கே இருக்கும். 'தாத்தா' என்றால் டிவி இருக்கிற லைன். 'காலேஜ் பொண்ணு' என்றால் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக். ஒரு வீட்டில் ஏசி லைனுக்கு 'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தாள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் பெட்டிக்குள் நிற்கிறது. அந்த ஏசி நின்றுபோனால் இப்போது யாரும் கத்துவதில்லை, நிம்மதியாகக் கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பழக்கம்தான் அவள் வீட்டை இரண்டாக்கியது.

அது அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்த வீடு. கீழே அக்காவும் செருப்புக் கடைக்காரரும். மாடியில் தம்பியும் அவன் மனைவியும். தம்பி வேன் ஓட்டுபவன். அவன் மனைவி, அதாவது அக்காவின் ஓரகத்தி, பேச்சில் ஊர்வலம் நடத்துகிறவள். அவளைத் தெருவில் 'ரேடியோ' என்பார்கள். வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே மெயின் பெட்டி. அக்கா அதைப் புதிதாக மாற்றி, பெயர்களும் எழுதி முடித்த அன்று ரேடியோ வந்து எட்டிப் பார்த்தாள். மாடிச் சமையலறை லைனுக்குக் கீழே 'வாயாடி' என்று இருந்தது.

"இது யாருக்கா?"

"அந்த லைன் போனா யாரு கத்துவாங்களோ அவங்க."

"நான் கத்துவேனா?"

"இப்ப என்ன பண்ணிட்டு இருக்க?"

ரேடியோ அன்றைக்குக் கத்தினது மூன்றாவது தெரு வரை கேட்டது. அக்காவும் சளைக்கவில்லை. பெயர் எழுதியதில் தொடங்கிய பேச்சு, யார் யாருக்கு எப்போது என்ன கொடுக்காமல் விட்டார்கள் என்கிற இடத்துக்குப் போனது. அங்கே போன எந்தச் சண்டையும் திரும்பி வந்ததில்லை. கொஞ்ச நாளில் மாடிக்குத் தனி மீட்டர், தனிப் பெட்டி. பிரித்துக் கொடுத்ததும் அக்காவேதான். "வேற எவனையாவது கூப்பிட்டா வீட்டையே கொளுத்திடுவான்" என்று சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே நாளில் பிரித்தாள். மாடிப்படி விளக்கு கடைசியாக மிச்சமிருந்தது. அதையும் முடித்தாள். எப்படி முடித்தாள் என்பது பின்னால் வரும்.

அதற்குப்பிறகு வருஷக்கணக்கில் பெண்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆண்கள் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆனால் அண்ணன் மெதுவாகப் படியேறி மொட்டை மாடிக்குப் போவார். தம்பி துணி காய்கிறதா என்று பார்க்கப் போவான். மழைக்காலத்திலும் போவான். இரண்டு பெண்களுக்கும் இது தெரியும். தெரியாததுபோல் இருப்பதில்தான் அவர்கள் மானம் இருந்தது.

மாடிப்படி விளக்கு கொஞ்ச காலம் நன்றாக எரிந்தது. ஒரு நாள் பல்பு செத்தது. படி இரண்டு வீட்டுக்கும் பொது. ஆகவே பல்பு மாற்ற வேண்டியது மற்ற வீட்டு வேலை என்று கீழேயும் நினைத்தார்கள், மேலேயும் நினைத்தார்கள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிறவள் வீட்டுப் படியில் எல்லோரும் செல்போனை நீட்டிக்கொண்டு ஏறினார்கள். "கை எட்டுற தூரத்துல இருக்கு, ஒரு பல்பு மாட்டக் கூடாதா?" என்று கணவர் கேட்டார். "மாட்டினா நான் இறங்கி வந்துட்டேன்னு ஆயிடும்" என்றாள். கீழ்வீட்டில் இருக்கிறவள் இன்னும் எங்கே இறங்குவது என்று அவர் கேட்கவில்லை.

இந்த நிலையில் ரேடியோ காடை வளர்க்கத் தீர்மானித்தாள். முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கிற பெட்டி ஒன்று வந்தது. உள்ளே சூடு கொடுக்கிற கம்பி, கீழே ஈரப்பதத்துக்கு ஒரு தண்ணீர்த் தட்டு. தண்ணீர் குறையக் குறைய ஊற்ற வேண்டும். தட்டை இழுக்கும்போது கை நனையாமல் இருக்காது. சமையலறையில் மேடை மேல் அதை வைத்தாள். வேறெதைப் பற்றியும் பேசுவதை நிறுத்திவிட்டு முட்டைகளைப் பற்றியே பேசினாள். ஒரு தரம் பொரித்துக் காட்டிவிட்டால் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லாம் தன்னிடமே குஞ்சு கேட்பார்கள் என்று ஒரு கணக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கையால் ஒரு தொழில். தம்பிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதனாலேயே அவளுக்கு இரட்டிப்பு நம்பிக்கை.

பெட்டி விற்றவன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கிற சாமான், டிரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் வைக்காதீர்கள். இந்த டிரிப் சுவிட்ச் ஒரு வாசல் காவலாளி மாதிரி. சிவப்பில் உள்ளே போகிற கரண்டையும் கறுப்பில் வெளியே வருகிற கரண்டையும் எண்ணிக்கொண்டே இருக்கும். போனதெல்லாம் திரும்பினால் பேசாமல் இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், யாரோ ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம்; கண்ணிமைக்கும் முன் வீட்டின் மொத்தக் கரண்டையும் நிறுத்திவிடும். போகாத கரண்ட் திரும்பி வந்தாலும் அதற்கு ஆகாது. உள்ளே போகாத ஆள் வெளியே வந்தால் எந்தக் காவலாளிதான் பொறுப்பான்?

கீழே கரண்ட் அக்கா இருக்க, ரேடியோ அடுத்த தெருவிலிருந்து 'முறுக்கு' என்பவனை வரவழைத்தாள். ஒயர் முனைகளை விரலால் முறுக்கி டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறவன் அவன். படியில் அக்கா எதிர்ப்பட்டாள்.

"என்னடா, எங்க போற?"

"மேல ஒரு டிரிப்பர் போடணும்க்கா."

"போடு, போடு. டேப் எடுத்துட்டு வந்தியா? உன் வேலையெல்லாம் அதுலதானே நிக்குது."

"உங்க வீட்ல டிரிப்பர் இருக்காக்கா?" என்று அவன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

அக்கா உள்ளே போனாள். ஊரில் எல்லோருக்கும் டிரிப் சுவிட்சைப் பற்றி மூச்சுவிடாமல் பாடம் எடுக்கிறவள். அவள் வீட்டில் அது இல்லை. அடுத்தவர் வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தன் வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்குக் கை வலித்துவிடும்.

முறுக்கு மாட்டியது சரியாகவே வேலை செய்தது. முட்டைகள் சூடாக இருந்தன. ஒரு சாயங்காலம் செருப்புக் கடைக்காரர் இருட்டுப் படியில் கால் கட்டை விரலை இடித்துக்கொண்டார். நாள் பூராவும் அடுத்தவர் கால்களைத் தாங்குகிறவருக்குத் தன் கால் என்றால் உயிர். நேரே கடைக்குப் போய் ஒரு பெரிய குண்டு பல்பு வாங்கி வந்து மாட்டினார். கீழ் சுவிட்சைத் தட்டினார். பல்பு ஒரு கணம் பளீரென்று எரிந்தது, உடனே அணைந்தது.

அதே கணத்தில் மாடியில் கரண்ட் போனது.

"பாழாப்போன பல்பு" என்று அவர் சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே ஏறினார். மேலே ரேடியோ டிரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டாள், நின்றுகொண்டது. மறுநாள் அவர் வேறு பல்பு வாங்கினார். பளீர், இருட்டு, மேலே கூச்சல். அதற்கடுத்த பல்பும் அப்படியே. பல்புக் கடைக்காரரோடு சண்டையே வந்துவிட்டது.

"நீங்க மாட்டத் தெரியாம மாட்டுறீங்க. இங்க பாருங்க, எரியுதா இல்லையா?"

"இங்க எரியுது, எங்க வீட்ல எரிய மாட்டேங்குதே."

"உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க."

அது முடியாது என்று அவருக்குத் தெரியும். அவளிடம் கேட்டால், படிக்குப் பல்பு மாட்டியதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் இறங்கி வந்ததாக ஆகிவிடும். ஆகவே அவர் ரகசியமாகவே பல்பு மாட்டி, ரகசியமாகவே தோற்றுக்கொண்டிருந்தார். மேலே ரேடியோவுக்கோ காரணம் வெட்டவெளிச்சம்.

"கீழ இருந்து அவ ஏதோ பண்றா. நான் முன்னுக்கு வரது பொறுக்கல. ஊருக்கே கரண்ட் குடுக்கிறவளுக்கு நம்ம வீட்டுக் கரண்டைப் புடுங்கத் தெரியாதா?"

"அண்ணி அப்படிப் பண்ண மாட்டாங்க" என்றான் தம்பி.

"அண்ணிக்குப் பிறந்தவன் மாதிரி பேசாத."

முட்டைகள் பொரிய வேண்டிய வேளை நெருங்கியபோது அது நடந்தது. செருப்புக் கடைக்காரர் சுவிட்சைத் தட்டினார், பளீர், இருட்டு. அந்த நேரம் பார்த்து யாரோ வாசலில் கூப்பிட, சுவிட்சை அணைக்காமலேயே போய்விட்டார். மேலே ரேடியோ டிரிப் சுவிட்சைத் தூக்கினாள். விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது. எத்தனை தூக்கினாலும் நிற்கவில்லை. பெட்டிக்குள் சூடு இறங்கத் தொடங்கியது.

ரேடியோ வீட்டிலிருந்த கம்பளி, ஸ்வெட்டர், கணவனின் இரண்டு சட்டை எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியைச் சுற்றினாள். குரல் முதல் தடவையாகத் தழைந்தது. "செத்துரும்டா, உள்ள குஞ்சு அசையுது, செத்துரும்" என்று போனில் முறுக்கிடம் சொன்னது கீழே அக்காவின் காதில் விழுந்தது. அக்கா சாப்பிட உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கூப்பிடாத வீட்டுக்கு வேலைக்குப் போவது அவள் வழக்கமில்லை.

முறுக்கு வந்தான். மாடி மெயினை அணைத்தான். டிரிப் சுவிட்சிலிருந்து ஒயர்களைக் கழற்றி, கறுப்பு ஒயரைக் கையில் பிடித்தான். அடுத்து அவன் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள் எழுந்து நின்றன.

"யக்கோவ்! மெயினை ஆஃப் பண்ணிட்டேன்! கறுப்புல கடிக்குது!"

"என்னடா உளர்ற?" என்றாள் ரேடியோ.

"கறுப்புக்கா! கறுப்பு கடிக்கவே கடிக்காது! இந்த வீட்ல என்னமோ இருக்கு! கரண்டே இல்லாத ஒயரு கடிக்குது!"

கையை உதறிக்கொண்டு கொஞ்ச நேரம் மூலையில் நின்றான். முட்டைப் பெட்டியையும் ரேடியோவின் முகத்தையும் பார்த்தான். பிறகு தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். டிரிப் சுவிட்சை ஓரமாகத் தொங்கவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் நேராக முறுக்கி டேப் சுற்றினான். மெயினைப் போட்டான். மாடி முழுக்க வெளிச்சம். பெட்டியின் சூடு ஏறத் தொடங்கியது. ரேடியோ அவனுக்கு டீ போட ஓடினாள்.

கீழே செருப்புக் கடைக்காரர் வாசலிலிருந்து துள்ளிக் குதித்து வந்தார். ரகசியமெல்லாம் மறந்துபோனது.

"ஏ, இங்க வா! படி பல்பு தானா எரியுது! செத்த பல்புக்கு உயிர் வந்துருச்சு!"

"எந்தப் பல்பு?"

"நான் மாட்டின பல்பு. ரொம்ப நாளா மாட்டிட்டு இருக்கேன். சுவிட்சைப் போட்டா ஒரு வெட்டு வெட்டிட்டு அணைஞ்சுரும். இன்னைக்கு ஜோரா எரியுது."

அக்காவின் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"சுவிட்சைப் போட்டதும் அணைஞ்சுதா? அப்ப மேல கரண்ட் இருந்துச்சா?"

"எங்க இருந்துச்சு? நான் போடுறப்பல்லாம் மேல அவங்களுக்குப் போயிரும். அவங்களுக்கும் நமக்கும் ராசியே இல்லன்னு நினைச்சுக்குவேன்."

"எப்ப இருந்து?"

"பல்பு மாட்டினதுல இருந்து."

அக்கா கையைக் கழுவினாள். படிக்கு வந்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. தன் வீட்டு மெயினை அணைத்தாள். பல்பு அணைந்தது. போட்டாள். எரிந்தது. சரி, சிவப்பு தன் வீட்டிலிருந்துதான் போகிறது. தன் வீட்டு விளக்கு, மேல்வீட்டில் கரண்ட் போனால் எதற்கு அணைய வேண்டும்? ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். போகிற கரண்ட் தன் வீட்டிலிருந்து போகிறது. திரும்புகிற கரண்ட் மேல்வீட்டு வழியாகத் திரும்புகிறது. உள்ளே போகாத ஆள், மேல்வீட்டு வாசல் வழியாக வெளியே வந்துகொண்டிருக்கிறான். காவலாளி கத்தாமல் என்ன செய்வான்?

இந்த வேலையை எவன் பண்ணினான்? கையால பண்ணினானா, காலால பண்ணினானா?

வழக்கமாகக் கேட்கிற கேள்வி நாக்கு நுனி வரை வந்து அங்கேயே நின்றது.

வீட்டைப் பிரித்த அன்று படி விளக்குக்குக் கீழிருந்து சிவப்பும் கறுப்பும் இரண்டும் இழுக்க வேண்டியிருந்தது. சிவப்பு ஏற்கெனவே சுவிட்ச் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கறுப்பை இழுக்க, மேல் படிக்கட்டு முனையில் சுவருக்குள் இருக்கிற இணைப்புப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதன் முன்னால் ரேடியோவின் பீரோ நின்றது. ரேடியோ பக்கத்திலேயே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "பீரோவைக் கொஞ்சம் நகர்த்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா சொல்லவில்லை. ஏணியில் ஏறினாள். கை எட்டுகிற தூரத்தில் மேல்வீட்டு நடை விளக்கின் கறுப்பு ஒயர் ஓடியது. அதில் படி விளக்கின் கறுப்பைச் சேர்த்தாள். சுத்தமாகத்தான் சேர்த்தாள், முறுக்கவெல்லாம் இல்லை. விளக்கு எரிந்தது. இறங்கி வந்துவிட்டாள். தன் வீட்டில் அப்போதே ஒரு டிரிப் சுவிட்ச் போட்டிருந்தால் அன்றைக்கே அது அவள் கன்னத்தில் அறைந்திருக்கும்.

அக்கா பல்பை நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். அதைத் திருகிக் கழற்றிவிட்டால் ஒன்றுமே தெரியாது. பல்பு இல்லையென்றால் கரண்ட் ஓடாது, யார் வீட்டிலும் எதுவும் விழாது. கழற்றக்கூட வேண்டாம். பல்பு எரிந்தும் மேலே கரண்ட் போகவில்லை என்றால், முறுக்கு டிரிப் சுவிட்சைத் தாண்டி நேராக இணைத்துவிட்டான். விளக்கு எரிகிறது, முட்டை சூடாக இருக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். முறுக்கு ஒரு மேதை. கடித்தது ஏதோ பேய். கரண்ட் அக்காவின் கை சுத்தம்.

மேலேயிருந்து ரேடியோவின் குரல் பழைய உயரத்துக்கு வந்திருந்தது. "இருடா, தட்டுல தண்ணி வத்திருச்சு, ஊத்திட்டு வரேன்."

சூடான கம்பிக்குக் கீழே தண்ணீர்த் தட்டு. நனைந்த கை. நடுவில் காவலாளி இல்லை. அவன் ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

அக்கா படியேறினாள். பாதிப் படியில் நின்றாள். "சனியன்" என்றாள், யாரையென்று தெரியவில்லை. மீதிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

சமையலறை வாசலில் நின்று, "கையை வெளிய எடு" என்றாள்.

ரேடியோ தட்டைப் பிடித்தபடியே திரும்பினாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை இதுதானா என்பதுபோல் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? எல்லாம் நல்லா எரியுதான்னு பார்க்க வந்தீங்களா? எரியுது. உங்க பாச்சா பலிக்கல."

"முதல்ல கையை எடுடி. அப்புறம் திட்டு. எவ்வளவு வேணா திட்டு."

அந்த 'எவ்வளவு வேணா'வில் ஏதோ இருந்தது. ரேடியோ கையை எடுத்தாள். முறுக்கு டீயோடு எழுந்து நின்றான். அக்கா மாடி மெயினை அணைத்தாள்.

"ஐயோ, முட்டை!"

"கொஞ்ச நேரத்துல சாகாது. கம்பளியைச் சுத்து." பிறகு முறுக்கைப் பார்த்தாள். "கறுப்புல உன்னைக் கடிச்சது பேயில்லடா. நான்."

"அக்கா?"

"என் வீட்டுக் கரண்ட். படி பல்பு வழியா வந்து இவங்க வீட்டுக் கறுப்புல நின்னுட்டு இருந்துச்சு. நீ மெயினை ஆஃப் பண்ணினா அது எப்படிப் போகும்? அது உன் மெயின் வழியா வரலையே."

முறுக்கு யோசித்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சூரியன் உதித்தது. "அப்ப படி விளக்குக் கறுப்பை மேல்வீட்டுக் கறுப்புல சேர்த்திருக்காங்களா? இதை எவன்கா பண்ணினான்? கையால பண்ணினானா..."

"காலால பண்ணினேன். போதுமா?"

அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக டீ குடித்ததில்லை.

ரேடியோவுக்கு ஒயர் விஷயம் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதி போதுமானதாக இருந்தது. "அப்ப நீங்கதான். நான் சொன்னேன்ல, கீழ இருந்து நீங்கதான் பண்றீங்கன்னு?"

"நான்தான். ஆனா வேணும்னு பண்ணல. அன்னைக்கே பண்ணிட்டேன், இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

"எதுக்கு அப்படிப் பண்ணினீங்க? ஊரு பூரா ஒழுங்கா பண்றவங்க..."

அக்கா நடைப்பக்கம் பார்த்தாள். பீரோ அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் துருப்பிடித்து, மேலே அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு.

"பீரோவைக் கொஞ்சம் நகர்த்தணும்" என்றாள்.

"என்ன?"

"அதான். இதைச் சொல்ல முடியலை அன்னைக்கு. சொல்லியிருந்தா ஒயரை ஒழுங்கா இழுத்திருப்பேன்."

ரேடியோ வாயைத் திறந்தாள். தெருவில் அதைக் கண்டவர் யாரும் இல்லை என்பது ஒரு நஷ்டம். திறந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, "பீரோவா? இந்தப் பீரோவாலயா என் முட்டை சாகப் பார்த்துச்சு?" என்றாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. வந்த கோபத்தைக் கடைசிச் சொட்டு வரை கொட்டினாள். அக்கா சொன்னபடி எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரே தடவைதான் குறுக்கிட்டாள்: "திட்டிக்கிட்டே பீரோவைத் தூக்க ஆளைக் கூப்பிடு. முட்டை ஆறுது."

திட்டு தொடங்கியதுமே மொட்டை மாடிக்கு நழுவியிருந்த அண்ணனும் தம்பியும் ஒன்றாக இறங்கி வந்தார்கள். துணி எடுக்கப் போனதாகத் தம்பி சொன்னான். கையில் துணி இல்லை. யாரும் கேட்கவில்லை. எல்லோருமாகப் பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் ஒரு சீப்பு, ஒற்றைச் செருப்பு, காய்ந்த பல்லி ஒன்று. செருப்புக் கடைக்காரர் செருப்பை எடுத்து அளவு பார்த்தார். சுவரில் இணைப்புப் பெட்டியின் மூடி, ஒருவரும் தொடாத பெயின்ட்டோடு இருந்தது.

அக்கா மூடியைக் கீறித் திறந்தாள். கீழேயிருந்து முறுக்கு ஒயர் இழுக்கிற ஸ்பிரிங்கைக் குழாய்க்குள் தள்ளினான். "வந்துச்சாக்கா?" "வரல, தள்ளு." "வந்துச்சா?" "தள்ளுடான்னா." கடைசியில் நுனி எட்டிப் பார்த்தது. புதுக் கறுப்பு ஒயர் கீழ்வீட்டுப் பெட்டியிலிருந்து பல்பு வரை போனது. மேல்வீட்டுக் கறுப்பில் சேர்த்திருந்த பழைய முனையை வெட்டி எடுத்தாள். அவள் சேர்த்த இணைப்பு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆடாமல் இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்படவும் செய்தாள். பிறகு டிரிப் சுவிட்சைத் திரும்ப மாட்டினாள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். டக்கென்று விழுந்தது. "காவலுக்கு ஆள் வந்தாச்சு" என்று தூக்கிவிட்டாள். கீழே கணவர் படி சுவிட்சைத் தட்டினார். பல்பு எரிந்தது. மேலே எதுவும் விழவில்லை.

ரேடியோ உலர்ந்த கையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். ஒரு முட்டையில் சின்ன விரிசல் விழுந்திருந்தது. விரிசல் கொஞ்சம் அசைந்தது. "கத்துது" என்றாள் மெதுவாக.

எல்லா முட்டையும் பொரிக்கவில்லை. பொரித்தவை கத்திய கத்தில் கீழ்வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா தன் வீட்டுக்கும் டிரிப் சுவிட்ச் போட்டாள். முறுக்கு வேடிக்கை பார்க்க வந்தான். ரேடியோவும் வந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை; அவள் எல்லாக் கேள்விகளுக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் புதிதாக ஒரு சின்ன சுவிட்ச் சேர்ந்திருந்தது. படி விளக்குக்கு மட்டும் தனியாக, கீழ்வீட்டிலேயே போயும் திரும்பியும் வருகிற லைன். அதன் கீழே பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"இது போனா யாரு கத்துவாங்க?" என்று கேட்டாள் ரேடியோ.

"படிதானே. ரெண்டு வீடும் கத்தும்."

"நாங்க எதுக்குக் கத்தணும்? உங்க லைன்ல எரியுது. நாங்க எங்க வீட்ல சும்மா இருப்போம். இருட்டா இருக்குன்னு உங்க வீட்டுக்காரரு கத்துவாரு, அவரு கத்தினா நீங்க கத்துவீங்க."

அக்கா வாதத்தை யோசித்துப் பார்த்தாள். குறை எதுவும் கிடைக்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். ரேடியோ அதைப் பிடுங்கி, காலி இடத்தில் கொட்டை எழுத்தில் 'பெரிய வாயாடி' என்று எழுதினாள்.

அக்கா படித்தாள். கொண்டையிலிருந்து டெஸ்டரை எடுத்து, எழுத்து காயும் வரை பெட்டிக் கதவு மூடிக்கொள்ளாதபடி இடுக்கில் முட்டுக் கொடுத்து வைத்தாள்.